நோட்டின் நடுக்கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ்ச் சொல் என்று இருநூறு சொல் எழுதியிருக்கிறாய். கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைத்தான் அழிக்கச் சொல்வேன்.

உன் நோட்டில் ‘ஹியர்’ என்பதற்கு எதிரே ‘கேள்’. ‘லிசன்’ என்பதற்கும் ‘கேள்’. அடுத்த பக்கத்தில் ‘ஆஸ்க்’, அதற்கும் ‘கேள்’. நீ எழுதியதில் தப்பில்லை, மூன்றுக்கும் நம்மிடம் கேள்தான். ஆனால் பேச வாயெடுக்கும்போது மூன்றில் எதைப் பிடிப்பாய்? பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் நீ வேண்டாம் என்றாலும் காதில் விழுகிறதே, அது ஹியர். வகுப்பில் காதைக் கொடுத்துக் கவனிக்கிறாயே, அது லிசன். பதில் வேண்டி வாயைத் திறந்தால் ஆஸ்க். ‘பார்’ என்பதும் இப்படித்தான். தானாகக் கண்ணில் பட்டால் சீ. கண்ணைத் திருப்பினால் லுக். அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடாமல் கண்ணெடுக்காமல் நிற்கிறாளே உன் அம்மா, அது வாட்ச்.

நான் பட்டதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பு, நடத்தியவர் இங்கிலாந்துக்காரர். எழுந்து நின்று ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நமக்கு விளங்காததைக் கேட்பதும் சந்தேகம்தான், நம்பாமல் இருப்பதும் சந்தேகம்தான். அவர் காதில் டவுட் என்றால் நம்பாமை. ‘கொஸ்டின்’ என்று கேட்டிருந்தால் போதும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால், ஆங்கிலச் சொல்லுக்கு எளிய ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் மாணவர் அகராதி ஒன்று வாங்கிக்கொள். டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்துவந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு படும் பாட்டை நேரில் பார்த்தவர். தெரியாத சொல்லை அதைவிடத் தெரியாத சொல்லால் விளக்கினால் பிள்ளை என்ன செய்யும்? 1935-ல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த அகராதியில், ஏறக்குறைய 24,000 பதிவுகளையும் 1,490 சொற்களை வைத்தே விளக்கினார்கள். 1978-ல் வந்த லாங்மன் அகராதியும் சுமார் 2,000 சொற்களுக்குள்ளேயே நின்றது. நம்மைப் போல வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளை நினைத்துச் செய்த வேலை இது என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அகராதியைப் புரட்டுமுன் உனக்குத் தெரிந்த சின்னச் சொற்களால் நீயே பொருள் எழுதிப் பார். பிறகு ஒப்பிடு. ‘பாரோ’ என்றால் திரும்பத் தருவதாக வாங்குவது; ‘லெண்ட்’ என்றால் திரும்பி வரும் என்று கொடுப்பது. இரண்டுக்கும் ‘இரவல்’ என்று எழுதிவிட்டால், வாங்கியவர் யார், கொடுத்தவர் யார் என்பது குழம்பிப்போகும். கத்தரிக்காய்க்கும் கொசுவலைக்கும் இந்தப் பாடு வேண்டாம். தமிழ்ப் பெயர் ஒன்றே போதும்.

பெரிய பெரிய சொல்லைக் கண்டு நீ பயப்படுகிறாய் என்று உன் அப்பா சொன்னான். அவை ஒரே பொருளோடு சாதுவாக இருக்கும். நம்மை அலைக்கழிப்பவை சின்னச் சொற்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நோட்டைக் கொண்டுவா, திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம். ‘கெட்’ என்ற சொல்லுக்கு மட்டும் நாலு பக்கம் விட்டு வை.

அன்புடன்,
பெரியப்பா