ஃப்ரிபிள் என்பவன் யார்?

கேள்வி: பழைய ஆங்கில நாவல் ஒன்றில் ஒருவனை 'ஃப்ரிபிள்' என்று திட்டுகிறார்கள். இன்னோர் இடத்தில், ஒருத்தி காலை நேரத்தை 'ஃப்ரிபிள்' செய்தே கழித்தாள் என்று வருகிறது. இது ஆளா, செயலா? எங்கிருந்து வந்தது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும்தான். உருப்படியாக ஒன்றும் செய்யாமல் பொழுதை ஓட்டுவதும் ஃப்ரிபிள், ஓட்டுகிற ஆளும் ஃப்ரிபிள்.

17-ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது பொருள் வேறு: திக்கிப் பேசுவது, தடுமாறுவது. நா குழறும் ஓசையிலிருந்தே பிறந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். திக்குவாய் எப்படி வெட்டிப்பொழுது ஆயிற்று? பக்கத்து வீட்டுச் சகவாசம்! 'ஃப்ரிவலஸ்' என்ற சொல் அதற்கு முன்பே ஆங்கிலத்தில் குடியேறியிருந்தது. அதன் லத்தீன் உறவான 'ஃப்ரிவோலா' உடைசல் மண்பாண்டத்தையும் ஒன்றுக்கும் உதவாத தட்டுமுட்டுச் சாமானையும் குறித்தது. ஓசை ஒத்துப்போகவே அந்த அற்பத்தனம் இதற்கும் தொற்றிக்கொண்டது.

1712-இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழ் 'ஃப்ரிபிளர்' என்று ஒரு வகை ஆணைப் படம்பிடித்தது: ஒரு பெண்ணிடம் உயிரையே விடுவதாக உருகுவான், அவள் சம்மதித்துவிடுவாளோ என்று உள்ளுக்குள் நடுங்குவான். 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இதையே மேற்கோளாக எடுத்துக்கொண்டார். அந்த இனம் இன்னும் அற்றுப்போகவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் சொல்லுக்கு முகமும் உடையும் கொடுத்தவர் லண்டன் நாடக உலகின் பெரும்புள்ளி டேவிட் கேரிக். 1747-இல் அவர் எழுதிய 'மிஸ் இன் ஹெர் டீன்ஸ்' என்ற கேலி நாடகத்தில் மிஸ்டர் ஃப்ரிபிள் என்றொரு பாத்திரம். நளினம், அலங்காரம், சண்டை என்றால் தொடைநடுக்கம். அந்த வேடத்தைக் கேரிக்கே போட்டார். ஆண்மை போதாது என்று ஒருவனைப் பரிகசிக்கும் அந்த நகைச்சுவை இன்று அவ்வளவாக ருசிக்காது. அன்று கைதட்டல் பறந்தது.

கதை அதோடு முடியவில்லை. தன்னைச் சாடிவந்த தாடியஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவரைக் குத்திக்காட்ட, 1761-இல் 'ஃப்ரிபிளரியாட்' என்று ஒரு வசைக் கவிதையே வெளியிட்டார் கேரிக். அந்த மனிதர் மறக்கவில்லை. நாடகத்தின் மூன்றாம் அங்கம் முடிந்து வருவோருக்குப் பாதிக் கட்டணம் என்பது அன்றைய வழக்கம். அந்தச் சலுகையில் கேரிக் கைவைத்ததும், 1763 ஜனவரியில் டிரூரி லேன் அரங்கில் கலகத்துக்குத் தலைமை தாங்கியவர் இதே ஃபிட்ஸ்பேட்ரிக்தான். இருக்கைகளும் விளக்குகளும் நொறுங்கின. கேரிக் பணிந்து, பழைய கட்டணத்துக்கே திரும்பினார். வெட்டிப்பயல் என்று பெயர் வாங்கியவர் செய்த வேலை இது!

இன்று ஆங்கிலேயர் பேச்சில் இச்சொல் அநேகமாக இல்லை. உங்கள் நாவலில் இனி ஆளைக் குறித்து வந்தால் 'வெட்டி ஆசாமி' என்றும், நேரத்தைக் குறித்து வந்தால் 'வீணடித்தல்' என்றும் கொண்டு தைரியமாக மேலே படியுங்கள்.