ஓநாயும் ஓர் உயிரே

'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்' என்னும் பழமொழி வழங்காத தமிழ் இல்லம் இராது. வகுப்பறையில் வஞ்சகத்துக்கு உவமை தேடியபொழுதெல்லாம் நாமும் ஓநாயையே காட்டினோம். அது பிழை என்பதை ஓய்வுபெற்ற பின்னரே உணர்ந்தோம். பசுவுக்கும் புறாவுக்கும் இரங்குதல் எளிது. வெறுக்கப் பழகிய உயிருக்கு இரங்குவதே அகிம்சையின் தேர்வு.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 7,000 முதல் 11,000 ஓநாய்கள் வரை வாழ்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அங்கே பாதிக்கு மேற்பட்ட நிலம் நடுவணரசின் பொதுநிலமாகும். பனி மூடிய வெளியில் சிறு விமானத்தில் பறந்து, காலடித் தடத்தைத் தொடர்ந்து சென்று, ஓடிக் களைத்த ஓநாயைச் சுட்டு வீழ்த்துவர்.

இக்கொடுமையைத் தடுக்கவே 1971ஆம் ஆண்டு விமான வேட்டைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் கால்நடை, வனவிலங்கு முதலியவற்றைக் காக்க மாநிலங்கள் அனுமதி வழங்கலாம் என அச்சட்டமே ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. மூஸ், காரிபூ என்னும் மான்களைப் பெருக்குவதாகக் கூறி, அவ்வாயில் வழியே 2003 முதல் அலாஸ்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓநாய்கள் கொல்லப்பட்டன. அவ்வாயிலைக் குறுக்க 2007இலும் 2009இலும் கொணரப்பட்ட மசோதாக்கள் சட்டமாகவில்லை.

காப்பகம் இருக்கிறதே எனலாம். எல்லைக்கோட்டை ஓநாய் அறியுமா? யூக்கான்-சார்லி ஆறுகள் தேசியக் காப்பகத்தில் வாழ்ந்த ஒரு கூட்டத்தின் 11 ஓநாய்களும் 2014இல் எல்லைக்கு வெளியே கொல்லப்பட்டன. ஒரு கூட்டம் என்பது தாய், தந்தை, மூத்த பிள்ளைகள், குட்டிகள் அடங்கிய குடும்பம். மூத்தவை இரை கொணர்ந்து குட்டிகளை ஊட்டி வளர்க்கும்.

'ஓநாயும் கொல்கிறதே, அதற்கு ஏன் இரங்க வேண்டும்?' என்று பிள்ளைகள் கேட்பர். நல்ல கேள்வி. அடால்ஃப் மூரி என்னும் அறிஞர், இன்றைய டெனாலி தேசியப் பூங்காவில் 1939 முதல் 1941 வரை ஆராய்ந்து, நூற்றுக்கணக்கான மலையாட்டு மண்டையோடுகளைத் திரட்டினார். ஓநாய்க்கு இரையானவற்றுள் பெரும்பாலானவை முதியவை, நோயுற்றவை, மிக இளையவை என்று கண்டார். ஓநாய்க்குப் பசியைத் தவிர வேறு வழியில்லை; விலகி நிற்கும் அறிவும் அதற்கு இல்லை. மனிதனுக்கு இரண்டும் உண்டு.

அங்குள்ள சிற்றூர்களில் மான் இறைச்சியை நம்பி வாழும் ஏழைகளும் உளர். அவர்தம் உணவை நம் அறம் ஏற்காது. எனினும் அவர்களைப் பழித்தல் நம் பணியன்று. ஆனால் மான் குறைவதற்குக் கடும்பனி, மேய்ச்சற் குறைவு, நோய், மனித வேட்டை எனப் பல காரணங்கள் இருக்க, பழியை ஓர் உயிர்மேல் மட்டும் சுமத்துதல் நீதியாகுமா?

ஆரம்பி, உத்தியோகி, விரோதி, சங்கல்பி என இம்சை நால்வகை. தற்காப்புக்கு நேர்வது விரோதி. திட்டமிட்டுச் செய்வது சங்கல்பி. இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டியது இந்த நான்காவதே. வானில் பறப்பவனை எந்த ஓநாய் தாக்கியது?

இல்லத்தில் சிந்திக்க:
1. காப்பதற்கென்று இயற்றிய சட்டம் கொல்வதற்கு வழியானது எவ்வாறு?
2. விமான வேட்டை நால்வகை இம்சையுள் எதில் அடங்கும்? ஏன்?
3. நாம் பேசும் பழமொழிகளில் எந்தெந்த உயிர்களைப் பழிக்கிறோம்?

மூன்றாவது வினாவுக்கு முதலில் விடையளிக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே.