அவசர மருத்துவத்தில் தமிழ்ச் சொற்கள்

முன்னுரை

சொல் பொருளை உணர்த்தும் கருவி என்பது இலக்கணம் கற்றார் அறிந்ததே. அக்கருவி பழுதுபட்டால் பாட்டின் நயம் கெடும். தேர்வில் மதிப்பெண் குறையும். அவசர ஊர்தியிலோ உயிரே பறிபோகலாம். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அவ்வூர்தியில் ஓட்டுநருடன் செல்லும் மருத்துவ உதவியாளர் இரு மொழிகளுக்கிடையே நிற்பவர். ஒருபுறம் வீட்டார் பேசும் வட்டாரத் தமிழ்; மறுபுறம் கிரேக்க, இலத்தீன் வேர்களால் ஆன மருத்துவமனை மொழி. இவ்விரண்டிற்கும் இடையே செந்தமிழ் பாலமாகுமா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மக்கள் வழக்கு

'மயக்கம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் எனப் பயிலும் நமக்கு அது கலத்தலைக் குறிக்கும். மக்கள் வழக்கிலோ தலைசுற்றல், நினைவிழத்தல், குடிபோதை ஆகிய மூன்றையும் குறிக்கும். 'இழுப்பு' என்பது இதனினும் இடர் மிக்கது. சிலர் மூச்சிரைப்பையும் சிலர் வலிப்பையும் அச்சொல்லால் சுட்டுவர். மூச்சிரைப்பு உடையவரை நிமிர்த்தி அமர்த்தல் வேண்டும். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துக் கிடத்தல் வேண்டும். அவர் வாயில் எதனையும் திணித்தல் கூடாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதாலும் பயனில்லை. சொல் ஒன்று, செயலோ இரண்டு!

'வாதம்' என்பதும் அத்தகையதே. மூட்டுவாதம் நாள்பட்ட நோய். பக்கவாதமோ நாழிகை பார்க்கும் நோய். மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டிருப்பின், அதனைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். ஆகவே, "வாதமா?" என வினவுவதைவிட, "வாய் கோணியதா? கை தளர்ந்ததா? பேச்சுக் குழறியதா? எப்போது தொடங்கியது?" என வினவுவதே அறிவுடைமை.

மாரடைப்பும் துடிப்பு நிற்றலும்

இவ்விரண்டும் ஒன்றெனவே பலர் எழுதுகின்றனர். மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் குருதி தடைப்படும். இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டே இருக்கும். மற்றதில் துடிப்பே நின்றுவிடும். அந்நிலையில் நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, வளர்ந்தோர்க்கு 5 செ.மீ. ஆழத்திற்குக் குறையாமல் அழுத்துதல் வேண்டும். முன்னதை 'மாரடைப்பு' என்றும் பின்னதை 'இதயத்துடிப்பு நிற்றல்' என்றும் பிரித்து வழங்குதல் நம் கடமையாகும்.

சொல்லாக்க நெறி

மேலை மருத்துவச் சொற்களைப் பகுதி, விகுதி எனப் பிரித்துக் காணின் அச்சம் அகலும். 'கார்டியோ' இதயம், 'நியூரோ' நரம்பு, 'ஹீமோ' குருதி, 'ஐட்டிஸ்' என்னும் விகுதி அழற்சி. 'ஹைப்போ' குறைவு, 'ஹைப்பர்' மிகை. 'ஹைப்போகிளைசீமியா' என்பதில் ஓரெழுத்துப் பிறழ்ந்து ஒலித்தால் பொருள் தலைகீழாகும். 'சர்க்கரைக் குறைவு', 'சர்க்கரை மிகை' என்னும் தமிழ்ச் சொற்களில் அத்தகைய பிறழ்ச்சிக்கு இடமில்லை. குறைவுக்கு உடனே சர்க்கரை தேவை; மிகைக்கோ இன்சுலின் தேவைப்படலாம். ஓட்டத்திலும் இரைச்சலிலும் பேசப்படும் சொற்கள் ஒலியால் தெளிவாக வேறுபடுதல் இன்றியமையாதது.

முன்னோர் காட்டிய வழி

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்து அம்மொழிக்குக் கலைச்சொல் வளம் சேர்த்தார். அவர் கிறித்தவர், அவரை ஆதரித்தவர்களோ முஸ்லிம் கலீபாக்கள். அறிவுக்கு வேலியில்லை என்பதற்கு இது சான்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, நூல்களும் வெளியிட்டார். தமிழால் முடியும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பெற்றது.

முடிவுரை

ஓருயிரைக் காத்தல் மனித குலத்தையே காத்தலுக்கு ஒப்பாகும் எனக் கருதுவது நம் மார்க்கம். அப்பணியில் தமிழ் மாணவர்க்கும் பங்குண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள், தத்தம் பாட்டிமாரிடமும் நன்னிமாரிடமும் நோய்ப் பெயர்களைக் கேட்டு, அவை சுட்டும் அறிகுறிகளோடு எழுதி வருவாராக. அவற்றை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்து, ஊர்தியில் வைத்தற்கேற்ற சிறு அகராதியாக்குவோம். தேர்வுக்காகக் கற்ற தமிழ், ஒருநாள் நள்ளிரவில் ஒரு வீட்டு வாசலில் உயிர் காக்கத் துணை நிற்குமாயின், நாம் கற்றதன் பயன் அதுவேயாகும்.