போலந்துத் தொழில்நுட்பக் கழகங்களில் அயல்நாட்டு மாணவன்

மேல்நாட்டுப் படிப்பு என்றதும் நம் மாணவர் நினைவுக்கு முதலில் வருபவை இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஜெர்மனியுமே. போலந்து நாடு அவ்வரிசையில் அண்மையில்தான் இடம்பெற்றது. நம் விடுதியிலேயே அந்நாட்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொண்டிருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் உண்டு. அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் மூன்று: படிப்பு கடினமா? செலவு எவ்வளவு? ஆங்கிலம் மட்டும் போதுமா? பரிமாற்றத் திட்டத்தின் கீழ், போலந்தின் தென்மேற்கில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் ஒன்றில் இரண்டு பருவங்கள் திடப்பொருள் இயற்பியல் பயின்றவன் நான். கண்டதையும் கற்றதையும் கொண்டு இம்மூன்றுக்கும் விடை கூற முயல்கிறேன். மூன்றாவது கேள்வியே முதன்மையானது என்பது என் கருத்து. அதன் காரணம் விளங்க, அக்கழகங்களின் வரலாற்றைச் சிறிது அறிந்து கொள்ள வேண்டும்.

கழகங்களின் வரலாறு

போலந்து மொழியில் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தைப் 'பொலிடெக்னிக்கா' என்பர். நம் நாட்டில் பாலிடெக்னிக் என்றால் பட்டயப் படிப்பு நடக்கும் இடம். அங்கே அப்படியன்று, பொறியாளர் பட்டம் முதல் டாக்டர் பட்டம் வரை அளிக்கும் முழுப் பல்கலைக் கழகம் அது. பெயரைக் கேட்டு நம் வீட்டார் கவலைப்பட வேண்டுவதில்லை.

1795 முதல் 1918 வரை போலந்து என்றொரு நாடே நிலப்படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. வார்சாவில் 1826-ஆம் ஆண்டு தொடங்கிய தொழில்நுட்பப் பள்ளி, 1830-இல் எழுந்த விடுதலைக் கிளர்ச்சியின் விளைவாக 1831-இல் மூடப்பட்டது. 1898-இல் மீண்டும் ஒரு கழகம் எழுந்தது. ஆனால் பயிற்று மொழி ரஷ்ய மொழி. 1905-இல் மாணவர்கள் போலந்து மொழியில் கல்வி வேண்டி வகுப்புகளைப் புறக்கணித்தனர். ரஷ்யப் படை நகரை விட்டு விலகிய பின், 1915 நவம்பரில்தான் வார்சாவில் போலந்து மொழியிலேயே பொறியியல் கற்பிக்கத் தொடங்கினர். ஆஸ்திரியரின் ஆட்சியில் இருந்த லுவூவ் நகரில் 1844-இல் எழுந்த கழகம் முதலில் ஜெர்மன் மொழியில் நடந்தது. அங்கே 1870-களில் போலந்து மொழி இடம் பெற்றது.

இரண்டாம் உலகப் போர் இவை அனைத்தையும் சிதைத்தது. நாஜிகள் போலந்தின் பல்கலைக் கழகங்களை மூடினர். ஆசிரியரும் மாணவரும் வீடுகளில் மறைவாகக் கூடிப் பாடம் நடத்தினர். 1941 ஜூலையில் லுவூவ் நகரத்துப் பேராசிரியர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கணித அறிஞர்களான வோம்நிட்ஸ்கி, ஸ்தோஜெக் ஆகியோரும், போலந்தின் முன்னாள் தலைமை அமைச்சரும் லுவூவ் கழகத்தின் பேராசிரியருமான பார்தெலும் அவர்களுள் அடங்குவர்.

போர் முடிந்ததும் எல்லைகள் மாறின. லுவூவ் சோவியத் நாட்டுக்குச் சென்றது. இன்று அது உக்ரேனில் உள்ளது. ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரம் போலந்தின் விரோத்ஸ்வாவ் ஆயிற்று. லுவூவில் எஞ்சிய ஆசிரியர்கள் விரோத்ஸ்வாவ், கிளிவித்ஸெ, குதான்ஸ்க் முதலிய ஊர்களுக்குக் குடிபெயர்ந்து, அங்கே கழகங்களை நிறுவினர். 1945 நவம்பர் 15-ஆம் நாள் மின்பொறியியல் பேராசிரியர் இதாஷெவ்ஸ்கி விரோத்ஸ்வாவில் முதல் போலந்து மொழி விரிவுரையை நிகழ்த்தினார். அந்நாளை அந்நகரத்துக் கல்விக் கூடங்கள் ஆண்டுதோறும் கொண்டாடுகின்றன. கொல்லப்பட்ட பேராசிரியர்களுக்கு 1964-இல் எழுப்பிய நினைவுச் சின்னம் அங்குள்ள தொழில்நுட்பக் கழகக் கட்டடங்களின் அருகே நிற்கிறது.

ஆகவே, தம் மொழியில் பொறியியல் கற்பது அம்மக்களுக்குத் தானாகக் கிடைத்த வசதியன்று. பலமுறை இழந்து, பலமுறை மீட்டது. அங்கே படிக்கச் செல்பவன் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பட்டமும் பருவமும்

இனிப் படிப்பின் அமைப்பைக் காண்போம். 1999-இல் ஐரோப்பிய நாடுகள் செய்து கொண்ட பொலோனியா உடன்பாட்டில் போலந்தும் ஒப்பமிட்டது. அதன்படி படிப்பு மூன்று நிலைகளாக அமைந்துள்ளது. முதல் நிலையில் 'இன்ஜினியெர்' பட்டம். பெரும்பாலும் 7 பருவங்கள், 210 மதிப்பலகுகள். இரண்டாம் நிலையில் 'மகிஸ்தெர்' பட்டம். பொறியியல் முடித்தவருக்குப் பொதுவாக 3 பருவங்கள், 90 அலகுகள். 4 பருவங்களும் 120 அலகுகளும் கொண்ட படிப்புகளும் உண்டு. மூன்றாம் நிலை டாக்டர் பட்டம்.

ஓர் அலகு என்பது மாணவனின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் அமர்ந்த நேரம் மட்டுமன்று, அறையில் தனியே படித்த நேரமும் அதில் சேரும். ஒரு பருவத்துக்கு 30 அலகுகள் என்றால் 750 முதல் 900 மணி வரை உழைக்க வேண்டும். தேர்வுக்கு முந்திய வாரம் மட்டும் விழித்திருந்து படிக்கும் நம் வழக்கம் அங்கே செல்லாது.

கல்வியாண்டு அக்டோபர் முதல் நாளில் தொடங்கும். முதல் பருவத் தேர்வுகள் ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் நடக்கும். இரண்டாம் பருவத்துக்கு ஜூன் மாதம். கோடையில் தவறியவருக்குச் செப்டம்பரில் மறுவாய்ப்பு உண்டு. மதிப்பெண் 2 முதல் 5 வரை. 2 என்றால் தோல்வி. 3 என்றால் தேர்ச்சி. 5 மிகச் சிறப்பு. ஒரே பாடத்துக்கு விரிவுரை, கணக்குப் பயிற்சி, ஆய்வுக்கூடம், திட்டப்பணி என்று பிரிவுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனியே தேற வேண்டும். கணக்குப் பயிற்சியில் தேறாதவனைப் பல பாடங்களில் இறுதித் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

ஆய்வுக்கூடம்

அந்நாட்டுக் கல்வியின் உயிர்நிலை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது என்பேன். அங்கே மாணவர் பேச்சில் 'வெய்ஷ்ச்சூவ்கா' என்றொரு சொல் உண்டு. நுழைவுச் சோதனை என்று பொருள் கொள்ளலாம். ஒவ்வொரு செய்முறைக்கும் முன்னர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சில கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். அன்றைய செய்முறையின் அடிப்படை தெரியாதவன் கருவியைத் தொட முடியாது. வேறொரு நாளில் வர வேண்டும். தண்டனைக்காக வைத்த முறையன்று இது. தெரியாமல் தொட்டால் கருவியும் கெடும், ஆளும் கெடுவான் என்பதே காரணம்.

இரண்டாவது, அளவீட்டின் ஐயப்பாடு. ஒரு குறைகடத்தியின் மின்தடையை வெப்பநிலைக்கு ஏற்ப அளக்கிறோம் என்று கொள்வோம். கிடைத்த எண்ணை மட்டும் எழுதினால் அறிக்கை திரும்பி வந்துவிடும். அந்த எண் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், அதில் வெப்பமானியின் பங்கு எத்துணை, மின்னோட்டமானியின் பங்கு எத்துணை என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். ஐயப்பாடு கூறாத விடையை அவர்கள் விடையாகவே கொள்வதில்லை. இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுத் திரும்பினாலே போன பயன் கிட்டியது என்று நான் கருதுகிறேன்.

மொழி

நிற்க. முதன்மையான கேள்விக்கு வருவோம். ஆங்கிலம் மட்டும் போதுமா?

முன்பு இக்கேள்விக்கே இடமில்லை. 1952-இல் ஊத்ஜ் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் அயல்நாட்டாருக்கெனப் போலந்து மொழிப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த மாணவர்கள் அங்கே ஓராண்டு மொழி கற்று, அதன் பின்னரே பொறியியல் வகுப்புகளில் சேர்ந்தனர். இன்றோ பெரும்பாலான தொழில்நுட்பக் கழகங்களில் ஆங்கில வழிப் படிப்புகள் உள்ளன. ஓராண்டு மிச்சமாகிறது. ஆனால் அந்த ஓராண்டோடு வேறொன்றும் நம் கையை விட்டுப் போகிறது.

சேர்க்கைக்கும் விரிவுரைக்கும் தேர்வுக்கும் ஆங்கிலம் போதும். ஆய்வுக்கூடத்தில் பாதி போதும். வாழ்க்கைக்குப் போதாது. என் பிரிவில் வெற்றிடக் கருவிகளைப் பேணி வந்த முதியவர் ஆங்கிலம் அறியார். பேராசிரியருக்கே தெரியாத நுட்பங்கள் அவர் விரல்நுனியில் இருந்தன. குழாய் இணைப்பில் கசிவு எங்கே என்று ஒலியைக் கேட்டே சொல்வார். நான் உடைந்த போலந்து மொழியில் கேட்கத் தொடங்கிய பின்தான் அவரிடமிருந்து கற்க முடிந்தது. மின்பெட்டிகளின் மேல் 'நியே தொத்திகாச்' என்று எழுதியிருக்கும். 'தொடாதே' என்று பொருள். இதைப் படிக்கத் தெரியாமல் ஆய்வுக்கூடத்தில் நடமாடுவது அறிவுடைமை ஆகாது.

போலந்து மொழி கடினம் என்பர். ஆங்கிலேயனுக்குக் கடினம், தமிழனுக்கு அத்துணைக் கடினம் அன்று. அம்மொழியில் வேற்றுமை ஏழு. நம் இலக்கணத்தில் எட்டு. நாம் மதுரையை 'மதுரையில்' என்று உருபு சேர்த்துச் சொல்வது போலவே, அவர்களும் ஊர்ப்பெயரின் ஈற்றை மாற்றுவர். 'கிராக்கூவ்' என்ற நகரப் பெயர், 'கிராக்கூவில்' என்று சொல்ல வரும்போது 'கிராக்கோவியெ' ஆகும். 'மரம்' என்பது 'மரத்தில்' என்று திரிவதை அறிந்த நமக்கு இதில் வியப்பு ஏது? விளி வேற்றுமையும் அங்கே உயிரோடு இருக்கிறது. பேராசிரியரை அழைக்க 'பானியெ புரொபெசோஜெ' என்று ஈறு திரித்தே சொல்ல வேண்டும். 'நம்பி' என்பது 'நம்பீ' ஆவதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு இது பழைய உறவு போலத் தோன்றும்.

கலைச்சொற்களைப் பாருங்கள். வில்னாவில் பேராசிரியராக இருந்த ஷ்னியாதெட்ஸ்கி 1800-ஆம் ஆண்டிலேயே வேதியியல் நூலைப் போலந்து மொழியில் எழுதினார். ஹைட்ரஜனுக்கு அவர்கள் வழங்கும் சொல் 'வோதூர்'. 'வோதா' என்றால் தண்ணீர். நாம் 'நீரகம்' என்பது போல. ஆக்சிஜனுக்குத் 'துலென்', கனன்று எரிதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. இச்சொற்கள் அகராதியில் உறங்கவில்லை. பள்ளிச் சிறுவனும் சொல்கிறான். தொழிற்சாலையில் வாயு உருளை மாற்றுபவரும் சொல்கிறார்.

இங்கே என்னைப் பற்றிச் சில சொற்கள். நான் பிலாயில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு எஃகு ஆலையில் வேலை. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். நம் சங்கத்து நண்பர்கள் பலரின் நிலையும் இதுவே. ஒரு நாள் மாலை விடுதிச் சமையலறையில் என் அறைத் தோழன் தொலைபேசியில் தன் பாட்டியிடம் அன்று செய்த சோதனையை விளக்கிக் கொண்டிருந்தான். அப்பாட்டி சிற்றூரில் பால்மாடு வைத்திருப்பவர். அவன் ஆய்வுக்கூடத்தில் வழங்கிய சொற்களையே அவரிடமும் வழங்கினான். அவரும் இடையிடையே கேள்வி கேட்டார். அன்று இரவு என் அம்மாவிடம் பேசியபோது நானும் முயன்றேன். "குறைகடத்தி" என்றேன். "அப்படின்னா என்னப்பா?" என்றார் அம்மா. கடத்தும் செம்புக் கம்பியில் தொடங்கி, கடத்தாத ரப்பரைச் சொல்லி, நடுவில் நிற்கும் பொருளுக்கு வந்து சேர அரை மணி ஆயிற்று. ஆனால் வந்து சேர்ந்தோம். "இவ்வளவுதானா? இதைத்தான் அஞ்சு வருஷமாப் படிக்கிறியா?" என்று கேட்டார். அதற்குமுன் என் படிப்பைப் பற்றி அம்மா என்னிடம் கேள்வி கேட்டதே இல்லை.

செலவும் வாழ்க்கையும்

அரசுப் பல்கலைக் கழகங்களில் போலந்து மொழியில் முழுநேரம் பயிலும் அந்நாட்டுக் குடிமக்களுக்குக் கட்டணம் இல்லை. ஆங்கில வழியில் பயிலும் அயல்நாட்டார் பொதுவாகக் கட்டணம் செலுத்த வேண்டும்; அது கழகத்துக்குக் கழகம் வேறுபடும். ஆனால் 2018-ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தில் ஒரு வாயில் திறந்தது: போலந்து மொழியில் சி-1 நிலைச் சான்றிதழ் பெற்ற அயல்நாட்டார், அம்மொழியில் நடக்கும் முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் கட்டணம் இல்லை. சி-1 என்பது எளிதில் எட்டும் உயரமன்று. ஓராண்டில் கைகூடும் என்று எவரையும் நம்பவைக்க மாட்டேன். ஆயினும் மொழிக்கும் பணத்துக்கும் உள்ள தொடர்பை இது காட்டுகிறது.

நாணயம் ஸ்லோத்தி. 26 வயதுக்கு உட்பட்ட மாணவருக்கு ரயிலில் 51 விழுக்காடு சலுகை உண்டு. 'பால் உணவகம்' என்று பெயர் பெற்ற எளிய உணவுச்சாலைகளில் குறைந்த விலையில் வயிறாரச் சாப்பிடலாம். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த 'பியெரோகி', நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு. மரக்கறி உண்பவர் பட்டினி கிடக்க நேராது. டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். குளிரைக் காட்டிலும் அந்த இருட்டே மனத்தை வாட்டும். தமிழ் பேச ஆளின்றி அறையில் அடைந்து கிடக்காமல், சமையலறைக்குச் சென்று நாலு பேரோடு பேச வேண்டும். அதற்கும் மொழிதான் வேண்டும்.

செல்ல விரும்புவோர்க்கு

முதலாவது, சான்றிதழ்களுக்கு அப்போஸ்தில் முத்திரை பெறுங்கள். மொழிபெயர்ப்பு வேண்டிய இடத்தில் போலந்து அரசு ஏற்ற உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளரே செய்ய வேண்டும். 2025-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, பயிற்று மொழியில் பி-2 நிலைத் தேர்ச்சிக்குச் சான்றும் காட்ட வேண்டும். விசா, வதிவிட அனுமதி ஆகியவற்றின் விதிகள் அடிக்கடி மாறுவதால், தரகர் சொல்லைக் கேளாமல் தூதரகத்தின் அறிவிப்பையே பாருங்கள். தரகர்கள் கட்டணத்தைச் சொல்வார்கள். மொழியைச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, கடன் வாங்கிச் செல்வதாயின், எந்தக் கழகம் என்பதற்கு முன் எந்த ஆய்வுக்கூடம் என்று பாருங்கள். அங்கே உள்ள ஆசிரியரின் கட்டுரைகளைப் படியுங்கள். அவருக்கு நேரே எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது, புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே போலந்து மொழியைத் தொடங்குங்கள். எண்கள், கிழமைகள், ஆய்வுக்கூடப் பொருள்களின் பெயர்கள், மரியாதைச் சொற்கள் ஆகியவை முதலில். வேற்றுமைகள் பின்னால் தாமே வரும். கற்றுக்கொள்ள விரும்புவோர் ஞாயிறு மாலையில் என் அறைக்கு வரலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு கூட்டமேனும், ஒருவர் தாம் செய்யும் ஆராய்ச்சியைத் தமிழில், தம் வீட்டாருக்கு விளங்கும்படி எடுத்துரைக்கட்டும். கேட்பவர் விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்கட்டும். முதல் கூட்டத்தில் குறைகடத்திகளைப் பற்றிப் பேச என் பெயரை எழுதிக் கொள்ளுங்கள்.