செட் ஆச்சா?

ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி செட்டராக எனக்கு இது 11-வது வருடம். மிஷினை செட் பண்ணுவது வேலை. டீ டயத்தில் எதிர்க்கடையில் சாகுவோடு மெத்தென்று செட் தோசை. ஊரில் அப்பாவுக்குப் பம்பு செட், மாரியம்மன் பண்டிகைக்கு மைக் செட். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன் நம்ம செட்டு. தளம் போட்டால் கான்கிரீட் செட் ஆகணும். பெண் பார்த்துவிட்டு வந்து ஜாதகம் செட் ஆகலை என்கிறார்கள். இங்கிலீஷிலேயே இந்தச் சொல் பெரிய குடும்பி. 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியில் வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 430-க்கு மேல் பொருள் கொடுத்திருக்கிறார்கள்.

ஓசூரில் இது இவ்வளவு புழங்க இன்னொரு காரணம் உண்டு. ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். ஒரே லைனில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நிற்கும். இப்போது இந்தியும் ஒடியாவும். 'செட் ஆய்தா', 'செட் அயிந்தா', 'செட் ஹோ கயா' என்று எவர் கேட்டாலும் எல்லாருக்கும் விளங்கும். விளங்கின மாதிரி இருக்கும் என்பதுதான் சரி. அதை நான் ஒரு இரவில் படித்தேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், வேறொரு கம்பெனி. புஷ் ஒன்றுக்கு உள்விட்டம் 32 மில்லிமீட்டர். 25 மைக்ரான் வரை கூடலாம், குறையக் கூடாது. போரிங் பாரில் புது இன்சர்ட் மாற்றி, சாஃப்ட் ஜாவைக் கடைந்து, ஆஃப்செட் கொடுத்து முதல் பீஸை ஓட்டி இறக்கினேன். அதற்குள் ஷிப்ட் முடிந்துவிட்டது. பஸ் போய்விடுமே என்ற அவசரம். நைட் ஷிப்ட் ஆபரேட்டர் வந்து, "செட் ஆச்சாண்ணா?" என்றார். "ஆச்சு" என்று கிளம்பிவிட்டேன். ஜாப் ஏற்றியாச்சு, முதல் பீஸை குவாலிட்டியில் காட்டணும் என்பது நான் சொன்னது. எல்லாம் ஓகே, ஓட்டலாம் என்பது அவர் கேட்டது. டீ டயத்துக்குள் 38 பீஸ். அத்தனையிலும் துளை 40 மைக்ரான் பெரிது. துளை சின்னதாக இருந்தால் இன்னொரு தடவை கடையலாம், பெரிதாகிவிட்டால் ஸ்கிராப்தான். மறுநாள் திட்டு வாங்கினது அவர். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

அன்றிலிருந்து 'ஆச்சு' என்ற பதிலை நான் வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை. 'செட் ஆச்சு' என்றால் யார் செய்தது, எதுவரை செய்தது, ஒன்றும் அதில் இல்லை. 'செட் பண்ணேன்' என்றால் ஆளாவது தெரியும். என்கிட்ட வரும் பசங்களுக்குச் சொல்லித்தருவது இதுதான்: "துளை எவ்வளவு வந்துச்சு, எந்த கேஜில பார்த்தே, குவாலிட்டில யார் கையெழுத்து?" மூன்றுக்கும் பதில் வந்தால்தான் மிஷினை ஸ்டார்ட் பண்ணணும். ஆஃப்செட் மாற்றினால் எவ்வளவு மாற்றினோம் என்று சாக்பீஸால் கதவிலாவது எழுதணும்.

கான்ட்ராக்டில் வேலைக்கு வரும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்கணும். "பிஎஃப் எல்லாம் செட் பண்ணிக்கலாம் தம்பி" என்று ஏஜென்ட் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். யூஏஎன் நம்பர் கேளுங்கள். ஓவர்டைமுக்கு மணிக்கு எவ்வளவு, சம்பளம் எந்தத் தேதி என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற ஆளிடம் கண்டிப்பாகக் கேளுங்கள்.

போன வருடம் ஒடிசாவிலிருந்து ஒரு பையன் வந்தான். லைன் வீட்டில் ஒரே ரூமில் ஆறு பேர். ஒரு மாதம் கழித்து "செட் ஆயிட்டியா தம்பி?" என்றேன். "செட், அண்ணா" என்று சிரித்தான். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனான். 38 பீஸ் ஞாபகம் வந்தது. மறுபடி கேட்டேன்: "ராத்திரி என்ன சாப்பிட்டே?" கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, சோறு இருக்கிறது, மீன்தான் இல்லை, வீட்டில் தினம் மீன் என்றான். கண் கலங்கியிருந்தது.

அந்த ஞாயிறு வண்டியில் கிருஷ்ணகிரி கேஆர்பி அணைக்குக் கூட்டிப்போனேன். அணை வாசலில் வரிசையாக மீன் வறுக்கும் கடைகள். எத்தனை துண்டு வேணும்பா என்று கடைக்காரம்மா கேட்டார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, நாலு விரலை விரித்துக் காட்டினான்.