இரண்டே முக்கால் கிலோ, இரண்டு கை

மாமியா ஆர்பி67 கேமராவை முதன்முறையாகக் கையில் வாங்குகிறவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் "யப்பா!" என்பதுதான். 90 எம்எம் லென்ஸும் ஃபிலிம் மேகசினும் மாட்டிய நிலையில் அது ஏறத்தாழ 2.7 கிலோ. ஸ்டூடியோவில் அசிஸ்டென்டாகச் சேரும் பிள்ளைகளுக்கு லைட் மீட்டர் பார்க்கவும் ரிஃப்ளெக்டர் பிடிக்கவும் முதல் நாளே சொல்லித்தருகிறார்கள். கேமராவைத் தூக்கச் சொல்லித்தருவதில்லை. தூக்குவதில் என்ன பெரிய வித்தை என்ற நினைப்புதான்.

நான் பார்த்த வரையில், படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது யார் கையிலிருந்தும் கேமரா விழுந்ததில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது விழும். ட்ரைபாடில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் விழும். பையைத் தூக்கும்போது விழும். நாள் முழுக்க விறைப்பாக இருக்க வேண்டாம். இந்த நாலைந்து விநாடிகளில் மட்டும் வேறு எதையும் நினைக்காமல் இருந்தால் போதும்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹாஸல்பிளாட் 500சி 1957-இல் வந்தது, ஆர்பி67 1970-இல். இரண்டு வரிசையுமே இப்போது தயாரிப்பில் இல்லை. ஒரு பல்சக்கரம் உடைந்தால் இன்னொரு செத்த கேமராவைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து கழற்றித்தான் போட வேண்டும். அதைப் போடத் தெரிந்த மெக்கானிக்கையும் தேட வேண்டும்.

முதலில் பிடி. எந்த மாடலாக இருந்தாலும் ஒரு உள்ளங்கை கேமராவின் அடியில் இருக்க வேண்டும், இன்னொரு கை பக்கவாட்டில் அணைக்க வேண்டும். ஆர்பி67-இன் தலையில் நிற்கும் வியூஃபைண்டர் பார்ப்பதற்குத் தூக்குச்சட்டிப் பிடி மாதிரி வாகாகத் தெரியும். அது கழற்றி மாற்றுவதற்கென்றே செய்த பாகம். அதைப் பிடித்துத் தூக்காதீர்கள். பின்னால் இருக்கும் மேகசினும் அப்படித்தான். லென்ஸைப் பிடித்துத் தூக்குவது இன்னும் மோசம். இந்தக் கேமராவில் லென்ஸ், ஒரு துருத்தியின் முனையில் முன்னும் பின்னும் நகர்கிறது. துருத்தி வெளியே நீண்டிருக்கும்போது அங்கே பிடித்தால் மொத்த எடையும் ஃபோகஸ் தண்டவாளத்தின் மேல் இறங்கும். ஆகவே தூக்குவதற்கு முன் ஃபோகஸ் குமிழைத் திருகி, துருத்தியை முழுக்க உள்ளே இழுத்துவிடுங்கள். மடிப்புகளின் மூலையில் விரல் நகம் படவே கூடாது. அங்கே ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் வெளிச்சம் உள்ளே கசியும். ரோலைக் கழுவிப் பார்க்கும் வரை அது யாருக்கும் தெரியாது.

ஹாஸல்பிளாட் கொஞ்சம் இலகு, லென்ஸோடு ஒன்றரை கிலோ சொச்சம். ஆனால் அதன் பிடி புதியவர்களைக் குழப்பும். இடது கை அடியில் தாங்கியபடி, அதே கையின் ஆள்காட்டி விரலால் ஷட்டர் பொத்தானை அமுக்க வேண்டும். ஃபோகஸ் செய்வதும் கிராங்கைச் சுற்றுவதும் வலது கையின் வேலை. வலது கைப் பழக்கக்காரர்கள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள், பிறகு மாறவே மாட்டார்கள். பென்டாக்ஸ் 67 வேறு விதமான பொறி. சாதாரண 35 எம்எம் கேமராவை ஊதிப் பெருக்கியது போல இருப்பதால், பழக்கதோஷத்தில் வலது கையால் மட்டும் தூக்கிவிடுகிறார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் கனம். சாயங்காலம் மணிக்கட்டு கேள்வி கேட்கும். அதற்கு இடது பக்கம் மாட்டும் மரக் கைப்பிடியை நிறையப் பேர் அழகுக்கு என்று நினைத்துக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்ளுங்கள்.

கைமாற்றும்போது வாய் பேச வேண்டும். எங்கள் வழக்கம் இது. கொடுப்பவர் "பிடிச்சியாப்பா?" என்பார். வாங்குபவர் ஒரு கையை அடியில் கொடுத்து, எடை தன் கைக்கு வந்ததை உணர்ந்த பிறகுதான், "பிடிச்சுட்டேன் சார், விடுங்க" என்பார். "ம்" என்று தலையாட்டினால் செல்லாது. கொடுப்பவரின் கண் மாடலின் மேல் இருக்கும், தலையாட்டியதை அவர் எங்கே பார்க்கப் போகிறார்? கழுத்து வாரை நீங்கள் முதலில் தலையில் மாட்டிக்கொண்டு, அப்புறம் கேமராவை வாங்கினால் இன்னும் நல்லது.

ட்ரைபாடில் ஏற்றும்போது ஒரு காலை லென்ஸ் பார்க்கும் திசையில் நிறுத்துங்கள். முன்பக்கம் கனத்த கேமரா குப்புறக் கவிழாமல் அந்தக் கால்தான் தாங்கும். பிளேட் உட்கார்ந்ததும் 'டக்' என்று சத்தம் வரும், அந்தச் சத்தத்தை நம்ப வேண்டாம். பூட்டை முறுக்கிவிட்டு, அடியில் இருக்கும் கையை எடுக்காமலே, இன்னொரு கையால் கேமராவை மேல்நோக்கி ஒரு இழு இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் கையை எடுக்கலாம். கேமரா மாட்டிய ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பது சினிமா ஸ்டில்லுக்கு அழகு. கதவு நிலையில் இடித்தால் தெரியும்.

லென்ஸ் மாற்றுவதைக் கூடுமானவரை உட்கார்ந்தே செய்யுங்கள். மடிக்கும் தரைக்கும் தூரம் குறைவு. ஹாஸல்பிளாடில் கூடுதலாக ஒரு விதி உண்டு. கிராங்கை முழுக்கச் சுற்றி, பாடியும் லென்ஸும் முறுக்கேறிய நிலையில் இருந்தால் மட்டுமே லென்ஸைக் கழற்றலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு சுழல்தண்டு இணைப்பு இருக்கிறது. ஒன்று முறுக்கேறியும் மற்றது தளர்ந்தும் இருந்தால் பொருந்தாமல் சிக்கிக்கொள்ளும். சிக்கிவிட்டால் பலம் காட்டாதீர்கள். அப்படியே துணியில் சுற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பழைய கேமராக்களில் பல, கீழே விழுந்து சாகவில்லை. கிராங்கை அழுத்தித் திருகிய கையால் செத்தன.

இனிப் பை. இங்கே என் சொந்தக் கதை ஒன்று. சேர்ந்த புதிதில், ஒரு பழைய பங்களாவில் வேலை. கடைசி ஷாட் முடிந்ததும் லென்ஸ்களைப் பைக்குள் வைத்து மூடியைச் சாத்தினேன். ஜிப்பை இழுக்கவில்லை, "சார் இன்னொரு ஷாட் கேட்டாலும் கேட்பார்" என்று. கேட்கவில்லை. அவசரத்தில் பையைத் தூக்கினேன். மூடி வாய் பிளந்து, 180 எம்எம் லென்ஸ் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கியது. கண்ணாடி தப்பியது, முன்வளையம் நசுங்கியது. அன்றிலிருந்து என் விதி: மூடியைச் சாத்திய கை ஜிப்பை இழுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தூக்குவதற்கு முன் யாராக இருந்தாலும் ஜிப்பை ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும்.

பை உங்கள் முதுகையும் பதம் பார்க்கும். பாடி, மூன்று லென்ஸ், இரண்டு உபரி மேகசின் என்று சேர்ந்தால் ட்ரைபாட் இல்லாமலே ஏழெட்டு கிலோ தாண்டும். ட்ரைபாடோடு கட்டினால் பன்னிரண்டு. ஒருவர் தூக்கும் சுமைக்கு அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாம் வாகாக அமைந்தால் 23 கிலோ வரை. ஆனால் சுமை உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால்தான் அந்த அளவு; 50 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் பாதியாகிவிடும். கார் டிக்கியின் உள்மூலையில் கிடக்கும் பன்னிரண்டு கிலோ பையைக் கை நீட்டித் தூக்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். முதலில் விளிம்பு வரை இழுங்கள், வயிற்றோடு அணையுங்கள், முழங்காலை மடக்கி எழுங்கள். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வையுங்கள். தூரம் நடக்க வேண்டுமா, இரண்டு தோளிலும் மாட்டும் பைதான் சரி. 1969-இல் நிலவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங்குக்கே ஹாஸல்பிளாடை விண்வெளி உடையின் மார்பில் பொருத்திக்கொள்ள ஒரு தாங்கி கொடுத்திருந்தார்கள். எடையே பெரிதாகத் தெரியாத இடத்தில் அந்த ஏற்பாடு!

இவ்வளவுக்கும் பிறகு ஒருநாள் கேமரா விழலாம். விழுந்தால் ஷட்டரை அமுக்கிப் பார்க்காதீர்கள், கிராங்கைச் சுற்றிப் பார்க்காதீர்கள். ஃபிலிமை மறைக்கும் டார்க் ஸ்லைடுத் தகட்டைச் செருகி, மேகசினைத் தனியே கழற்றி, வெயில் படாமல் வையுங்கள். உடனே போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டு விழும். பரவாயில்லை, அந்த ரோலில் இருக்கும் பத்துப் படங்களாவது தப்பிக்கும்.