தொழில் மேதை ஜி.டி. நாயுடுவும் நாமும்



நம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் என் நினைவுக்கு வந்த பெயர் ஜி.டி. நாயுடு. காரணம், அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைப் படிப்பை நிறுத்தச் சொன்னார்கள்!

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நைனா பொதட்டூர்பேட்டையில் மாமாவின் ஷெட்டில் தறி ஓட்டுகிறார். போன வருஷம் எனக்கு இரண்டு பேப்பரில் அரியர் விழுந்தது. ரிசல்ட் வந்த அன்று மாமா சொன்னார்: "இன்னாத்துக்குடா கடன் வாங்கிப் படிக்கணும்? ஜி.டி. நாயுடு இன்னா படிச்சாரு? பேசாம தறிக்கு வந்துடு." நைனா ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாமா சொன்னது உண்மையா என்று தேடிப் படித்தேன். பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு சரி. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக் கொண்டது. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கி என்ன செய்தார் தெரியுமா? பாகம் பாகமாகப் பிரித்து, மறுபடி பூட்டினார்!

பிறகு பருத்தி வியாபாரம் செய்தார். பம்பாய் வரை போய் நஷ்டப்பட்டுத் திரும்பினார். ஆனாலும் சோர்ந்து உட்காரவில்லை. 1920-ல் ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். நம் ஊரைப் போலவே பழனியும் முருகன் மலைதானே! அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்து, 1930-களில் இருநூறு பஸ்களைத் தாண்டியது.

1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைப் பக்கம் மில்களுக்குக் கரண்ட் வந்தது. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்கும் மோட்டார் தேவைப்பட்டது. அந்த நேரத்தில், 1937-ல், பீளமேட்டில் இருந்த நாயுடுவின் தொழிற்சாலையில் மின்மோட்டார் தயாரானது. இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அவரோடு உழைத்த டி. பாலசுந்தரம் நாயுடு பிற்பாடு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். சின்ன பேட்டரியில் ஓடும் 'ரேசன்ட்' சவர ரேசரும் ஜி.டி. நாயுடு செய்ததுதான். 1952-ல் இரண்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் காரைச் செய்தார். லைசென்ஸ் கிடைக்காததால் அது நின்று போனது.

இப்போது மாமா சொல்லாத மீதிக்கு வருகிறேன். படிப்பு வேண்டாம் என்று நினைத்தவரா நாயுடு? இல்லை! 1945 வாக்கில் கோவையில் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அதற்குப் பிரின்சிபாலாகவும் இருந்தார். நான்கு வருஷப் படிப்பு நீளம், இரண்டு வருஷமே போதும் என்றார். அரசு ஏற்கவில்லை, பதவியை விட்டார். அதாவது, அவர் பள்ளியை விட்டாரே தவிர, கற்பதை விடவில்லை.

இது எனக்குப் புரிந்தது புத்தகத்தால் அல்ல, ஒரு மோட்டாரால்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் நைனாவின் தறி நின்றது. சுவிட்ச் போட்டால் மோட்டார் 'ம்ம்' என்று உறுமியது, சுற்றவில்லை. மற்ற தறிகள் ஓடிக் கொண்டிருந்தன. "படிச்சவனாச்சே, பாருடா" என்றார் மாமா. நானும் நாயுடு மாதிரி பிரித்தேன். ஆனால் எந்த ஒயர் எங்கே இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. பூட்டத் தெரியவில்லை. நைனாவுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று.

கடைசியில் காயில் கட்டும் பெரியவர் வந்தார். "மோட்டார் நல்லாத்தான் கீது தம்பி. மூணு பேஸும் வருதான்னு பாத்தியா?" என்று கேட்டு டெஸ்ட் லேம்பை எடுத்தார். அந்தத் தறியின் சுவிட்சில் ஒரு பேஸ் ஒயர் கருகிக் கிடந்தது!

நண்பர்களே, மூன்று பேஸ் கரண்ட் சேர்ந்துதான் மோட்டாருக்குள் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. நிற்கிற மோட்டாருக்கு ஒரு பேஸ் வராவிட்டால் அந்தப் புலம் சுழலாது, துடிக்க மட்டும் செய்யும். மோட்டார் உறுமும், கிளம்பாது, கரண்டை அதிகமாக இழுத்துச் சூடாகும். அப்படியே விட்டால் காயில் கருகும். இதற்கு 'சிங்கிள் பேஸிங்' என்று பெயர். இந்தப் பாடத்தைப் பரீட்சையில் எழுதி நான் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். எதிரே அது உறுமியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை!

வெட்கமாக இருந்தது. பெரியவரிடம் ஏன் அப்படி ஆகிறது என்று காந்தப்புலக் கணக்கைச் சொன்னேன். "இத்தன வருஷம் வேல செஞ்சிட்டேன், ஏன்னு இன்னிக்குத்தாம்பா தெரிஞ்சுது" என்றார். நைனா அதைக் கேட்டுக் கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் இன்னொரு தறி நின்றது. முதலில் டெஸ்ட் லேம்ப், பிறகுதான் ஸ்பேனர். பத்து நிமிஷத்தில் ஓட வைத்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. நைனா மட்டும் அரியருக்குப் பணம் கட்டச் சொல்லிக் கையில் கொடுத்தார்.

ஜி.டி. நாயுடு 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி மறைந்தார். கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரில் காட்சியகம் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். யாராவது அவர் பெயரைச் சொல்லி "படிக்க வேண்டாம்" என்றால், அவர் பாலிடெக்னிக் கண்ட கதையைச் சொல்லுங்கள். கையில் ஸ்பேனரும் பையில் நோட்டும் சேர்ந்தே இருக்கட்டும்!

எனக்கு இன்னும் ஒரு அரியர் பாக்கி இருக்கிறது. எழுதி முடிப்பேன். முயல்வோம்! வெல்வோம்!